ஏழுமலை டீக்கடையில் சொன்னது

கடற்கரையில் பழைய துறைமுகப் பாலம் நடுவில் இடிந்து கடலுக்குள் விழுந்ததே, அந்த வாரம்தான் செல்வத்தை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வார்டு முழுக்க அன்றைக்குப் பாலத்தைப் பற்றித்தான் பேச்சு, அதனால் ஞாபகம் இருக்கிறது. பாதிப் பேருக்கு முகக்கவசம் தாடையில் தொங்கிக்கொண்டிருந்த காலம். நான் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. மனநல வார்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாகிவிட்டது, இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று சிஸ்டர் கேட்டார். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதுகிறார். ஊசி போடும்போது எப்படிப் பிடிப்பது, படுக்கையை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதை அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அடிப்பாங்களாண்ணா?" நானும் கேட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் பார்த்த நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் ஒரு எறும்பைக்கூட அடித்ததில்லை. அடி வாங்கியவர்கள்தான் அதிகம். வீட்டில் அடி, தெருவில் அடி, பேய் ஓட்டுகிறேன் என்று அடி. கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு மீன்காரரை வலைக்கயிற்றால் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கூட வந்த ஆறு பேரும், "அவுத்துடாதீங்க, கொன்னுடுவான்" என்றார்கள். கயிற்றை அவிழ்த்தோம். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "டீ இருக்குமா?" என்று கேட்டார். குடித்தார். பிறகு அந்த ஆறு பேரைக் காட்டி, "இவங்களுக்கும் குடுங்க, காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல" என்றார்.

சத்தத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று அப்போதே எனக்குத் தெரியும். சத்தம் இல்லாததைப் பார்த்துத் தைரியமாக இருக்கவும் கூடாது என்பதுதான் தெரியாமல் போனது.

அந்த வாரம் வார்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வது போல எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். காலையில் எழுந்ததும் பிரெஞ்சில் உத்தரவு போட ஆரம்பித்துவிடுவார். மதியம் ரொட்டி வர ஐந்து நிமிடம் தாமதமானால் கட்டிலில் ஏறி நின்று கத்துவார். பார்க்க வருகிறவர்கள் அவர் பக்கமே போக மாட்டார்கள். அவர் யாரையும் தொட்டதில்லை. கீழே விழுந்துவிடப் போகிறாரே என்பதுதான் எங்கள் கவலை.

செல்வம் அதற்கு நேர் எதிர். முப்பது வயது இருக்கும். பாகூர் பக்கத்தில் விவசாயக் குடும்பம். அண்ணன் ஏழுமலை நிலத்தைப் பார்க்கிறார், செல்வம் இங்கே பக்கத்தில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஒரு மாதமாக வேலைக்குப் போகவில்லை, தூங்குவதில்லை, தனியாகப் பேசுகிறான் என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்தவன் போல வந்தான். எல்லோருக்கும் கை எடுத்துக் கும்பிட்டான். எனக்கும் கும்பிட்டான். வார்டு ஆளுக்கு யார் கும்பிடு போடுகிறார்கள்? எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

சேர்க்கும்போது பயிற்சிக்கு வந்த ஒரு டாக்டர் பெண் கேள்வி கேட்டது. என் மகள் வயது. வராண்டாவில், போகிற வருகிறவர்கள் நடுவில், செல்வத்தை உட்கார வைத்துக்கொண்டே ஏழுமலையைக் கேட்டது.

"இதுக்கு முன்னாடி யாரையாவது அடிச்சிருக்காராங்க?"

"சேச்சே, சாது டாக்டர்."

"குடிப்பழக்கம்?"

"அதெல்லாம் கெடையாது."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா? இதுக்கு முன்னாடி எங்கயாவது காட்டியிருக்கீங்களா?"

"இதான் மொத தடவ."

"வீட்டுல யார் மேலயாவது சந்தேகப்படுறாரா?"

ஏழுமலை தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். "யார் மேல சந்தேகப்படப் போறான்? என் மேல உசுரு" என்றார் ஏழுமலை.

அந்தப் பெண் எழுதிக்கொண்டது. இந்தக் கேள்வியை எல்லாம் கும்பிடு போடுகிறவனைப் பற்றிக் கேட்கிறதே, அங்கே கட்டில் மேல் நிற்கிறாரே, அவரைப் பற்றிக் கேட்கக் கூடாதா என்று நான் மனதுக்குள் சிரித்தேன்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம். நோயாளி கூட வீட்டு ஆள் ஒருத்தர் இருக்க வேண்டும். செல்வத்தோடு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் இரவும் பகலும் தங்கினார். மதியம் ஏழுமலை கேரியரில் சாப்பாடு கொண்டுவருவார். வீட்டு ஆட்கள் டாக்டரிடம் பேசத் தயங்குவார்கள், சிஸ்டரிடம் பயப்படுவார்கள். எங்களிடம்தான் பேசுவார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு டீக்கடை. முப்பது வருடத்தில் அந்தக் கடையில் நான் கேட்ட குடும்பக் கதைகளை வைத்து ஊரையே இரண்டாக்கலாம். ஒன்றையும் வெளியே விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டாம் நாள் அந்தக் கடையில் ஏழுமலை என் பக்கத்தில் உட்கார்ந்தார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுப்பா."

"டாக்டரம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். இவன ரெண்டு வருசம் முன்னாடியே வேற ஆஸ்பத்திரில காட்டினோம். மாத்திரை சாப்ட்டான், நல்லா இருந்தான், வேலைக்குப் போனான். பொங்கலுக்கு அப்பறம் நிறுத்திட்டான். சாயந்தரமானா குடி. நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சமா?"

"சரி."

"போன மாசம் மம்பட்டிய எடுத்துகினு தொரத்தினான்ணா. என்னத்தான். நான் சோத்துல ஏதோ கலக்குறேனாம். கெணத்து மேட்டுல ஏறிகினு ஒரு மணி நேரம் நின்னேன். அதுலேர்ந்து வீட்டுல அவன் இருக்கற ரூமுக்கே நான் போறதில்ல. தட்ட எம் பொண்டாட்டிதான் வெச்சிட்டு வருவா."

"இத டாக்டர்கிட்ட சொல்லலாமே?"

"தங்கச்சிக்கு வரன் வந்திருக்குது. மாப்ள வூட்டு ஆளு ஒருத்தர் இங்கதான் ஏதோ ஆபீஸ்ல இருக்காராம். ஆஸ்பத்திரி பேப்பர்ல ஏறிடுச்சுன்னா முடிஞ்சுது. எழுதிடாம பாத்துக்கங்கண்ணா."

நான் அவர் தோளைத் தட்டினேன். "எனக்கு எழுதவே தெரியாதுப்பா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வீட்டில் நடந்தது வீட்டோடு, இங்கே வந்துவிட்டான், ஊசி போடுகிறார்கள், சாதுவாக இருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். டூட்டி முடிந்து அடுத்த ஆளுக்கு வார்டை ஒப்படைக்கும்போது முசியேவைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னேன். செல்வத்தைப் பற்றி, "மூணாங்கட்டில், தொந்தரவு இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் செல்வம் என்னிடம் கேட்டான். "அண்ணன் எத்தன மணிக்கு வருவான்ணா?"

"ஒரு மணிக்கு வருவாரு."

பத்து மணிக்குக் கேட்டான். பதினொன்றரைக்குக் கேட்டான். "தனியாதான் வருவானா, அண்ணியும் வருமா?" என்று கேட்டான். எனக்கு மனசு இளகிவிட்டது. மம்பட்டி எடுத்தவன்தான், ஆனாலும் அண்ணன் பாசம் விட்டுப்போகவில்லை பார் என்று நினைத்தேன். அன்று ஏழுமலை கேரியரை வாசலிலேயே சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான்தான் தடுத்தேன்.

"உங்களத்தான் கேட்டுகினே இருக்காரு. உள்ள வந்து பக்கத்துல உக்காந்து சாப்பாடு போடுங்க. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வாங்க."

"கேட்டானா?" என்றார் ஏழுமலை. அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. "நாளைக்கு வரேன். எறா தொக்குன்னா அவனுக்கு உசுரு. செய்யச் சொல்லி எடுத்தாறேன்."

நான்காம் நாள் ஏழுமலை பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். அன்று முசியேவின் ரொட்டி வரவில்லை. அவர் கட்டிலில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். சிஸ்டரும் எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிரில் கேட் சாவி என்னிடம். நான் திறந்துவிட்டேன். சித்தப்பா டீ குடிக்க வெளியே போனார். ஏழுமலை உள்ளே போய்க் கட்டிலில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். "வாண்ணா" என்று செல்வம் கும்பிட்டான்.

கேட்டைச் சாத்தித் திரும்பியபோதுதான் பார்த்தேன். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டு மூன்றாம் கட்டிலுக்கும் நான்காம் கட்டிலுக்கும் நடுவில் நிற்கும். அதன் கால் மட்டும் நின்றது. மேல் கம்பி இல்லை. அவன் ஃபிட்டர். காலையும் கம்பியையும் சேர்த்திருந்த திருகாணியைக் கையாலேயே கழற்றியிருக்கிறான். ஒரு நாளில் கழற்றியிருக்க மாட்டான், துருப்பிடித்த திருகாணி அது.

எனக்கும் அவர்களுக்கும் பத்தடி. கத்தினால் ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்ப்பார், முதுகு அவனுக்குக் கிடைக்கும். ஓடினால் அவன் முந்திக்கொள்வான். நான் சாதாரணமாகக் கூப்பிட்டேன்.

"ஏழுமல, டாக்டரம்மா கூப்புடறாங்க. அப்பிடியே வந்துட்டுப் போங்க."

"தோ, ஒரு வாய் சோறு போட்டுட்டு வந்துர்றேன்ணா" என்று அவர் கேரியர் மூடியைத் திறந்தார்.

"இப்பவே வரணுமாம்" என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் எழுந்தார், திறந்த டப்பா கையில் இருந்தது. அவர் எழுந்ததுதான் தெரியும். போர்வைக்கு அடியிலிருந்து கம்பி வந்தது. தலைக்கு வந்ததை அவர் கையால் தடுத்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. தொக்கு தரையெல்லாம் சிந்தியது.

இரண்டாவது அடிக்குக் கம்பி மேலே போனபோது நான் போய்ச் சேர்ந்தேன். கம்பியைப் பிடிக்கவில்லை. ஏழுமலையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். அடி கட்டிலில் விழுந்தது. அவரைக் கேட்டுக்கு வெளியே தள்ளிப் பூட்டினேன். அவர் வெளியே, நான் உள்ளே.

முசியேவிடம் இருந்த எங்கள் ஆட்கள் ஓடிவந்தார்கள். கை காட்டி நிறுத்தினேன். நின்றார்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த முசியேவும் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. செல்வம் என்னைப் பார்க்கவே இல்லை. கம்பியோடு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னோடு சண்டை இல்லை, வார்டில் யாரோடும் இல்லை. அவன் கண்ணிலிருந்து அண்ணன் மறைந்தால் போதும். வெளியே சிஸ்டர் ஒருவர் ஏழுமலையை அழைத்துக்கொண்டு போனார். நான் எட்டி நின்று, பக்கத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவனுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன்.

"போய்ட்டாரு செல்வம். இன்னிக்கு வர மாட்டாரு."

"அதுல கலந்து வெச்சிருக்கான். நீ பாக்கல. நான் பாத்தேன்."

கலக்கவில்லை என்று சொன்னால் நானும் அவர் கட்சி. கலந்தார் என்று சொன்னால் பொய். "அத நீ சாப்பிட வேணாம். யாரும் சாப்பிட மாட்டாங்க. அப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

"நாலு நாளா அதத்தான் துன்றேன்."

"தெரியாமப் போச்சு எனக்கு. இனிமே ஆஸ்பத்திரி சாப்பாடு வாங்கித் தரேன்."

"எனக்குப் பயமா இருக்குண்ணா" என்றான்.

"தெரியுது. எனக்கும் பயமாதான் இருக்குது, அந்தக் கம்பிய வெச்சிகினு நீ நிக்கற. கட்டில் மேல வெச்சிட்டு இப்பிடித் தள்ளி உக்காரு. தண்ணி குடிக்கலாம்."

உடனே வைக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. எங்கள் ஆட்களில் ஒருவன் காலை எடுத்து வைத்தான், செல்வம் கம்பியை இறுக்கினான். நான், "நீ அங்கயே இருப்பா" என்றேன். கடைசியில் கம்பியைக் கட்டிலில் வைத்தான். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான். பிறகு டாக்டர்கள் வந்தார்கள், ஊசி போட்டார்கள், தூங்கிவிட்டான்.

சாயந்தரம் அந்த டாக்டர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டது. நான் அவனைச் சமாளித்ததைப் பாராட்டப் போகிறது என்று நினைத்துப் போனேன்.

"உள்ள நின்னுகிட்டுக் கேட்டைப் பூட்டினீங்களே அண்ணா, வார்டுல இருந்த மத்தவங்க எப்படி வெளிய போவாங்க? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா சாவி யார்கிட்ட இருக்கும்?"

நான் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

"சரி, அது போகட்டும். இவருக்கு அண்ணன் மேல சந்தேகம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மம்பட்டி, குடி, நிறுத்திய மாத்திரை, தங்கை கல்யாணம், எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டது, நான் அவரைச் சீக்கிரம் வரச் சொன்னது. அந்தப் பெண் கத்தவில்லை. எழுதி முடித்துவிட்டு, "நானும் வராண்டால வெச்சு, அவரு முன்னாடியே கேட்டேன். யாரு உண்மைய சொல்லுவாங்க? அது என் தப்பு" என்றது. என் தப்பை அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் கோபமாவது பட்டிருப்பேன்.

அதன்பிறகு எங்கள் வார்டில் அந்தக் கேள்விகளைத் தனி அறையில், வீட்டு ஆளை மட்டும் வைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். முன்பு அடித்திருக்கிறானா, குடிக்கிறானா, மாத்திரையை எப்போது நிறுத்தினான், யாரைக் கண்டு பயப்படுகிறான். கடைசிக் கேள்விதான் எனக்குப் புதிது. அடிக்கிற ஆளைப் பார்த்து நாம்தான் பயப்படுகிறோம் என்று நினைத்திருந்தேன். அவன் யாரைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று முப்பத்தோரு வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒன்றரை மாதம் கழித்துச் செல்வத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதம் ஒரு ஊசி. சாராயம் கூடாது. பொதுப் பாத்திரத்திலிருந்து அவனே போட்டுச் சாப்பிட வேண்டும், யாரும் பரிமாறக் கூடாது. பயம் திரும்ப வந்தால், கம்பி வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டி வர வேண்டும். அழைத்துப் போக ஏழுமலை வந்திருந்தார். கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் கை முழுதாக மடங்கவில்லை. செல்வம் அண்ணனைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். ஏழுமலை, "பைய எடு, பஸ் போய்டும்" என்றார். அவன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஏழுமலை என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"உங்ககிட்ட சொன்னதும் எனக்குப் பாரம் எறங்கிப்போச்சுண்ணா" என்றார். "ஆஸ்பத்திரில ஒருத்தருக்குத் தெரிஞ்சுடுச்சு, இனி பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன். வீட்டுல ஒரு மாசமா அவன் பக்கத்துல போகாதவன், அந்த நம்பிக்கைலதான் இங்க வந்து தைரியமா பக்கத்துல உக்காந்தேன்."

திட்டியிருக்கலாம். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். நான் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியதாக நினைத்தேன். அவரோ, அதை நான் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியிருப்பேன் என்று நம்பி, உயிரைக் கொண்டுபோய் அந்தக் கட்டிலில் உட்கார வைத்தார். அந்தத் தங்கையின் கல்யாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. மாத ஊசிக்குத் தம்பியோடு வரும்போது ஏழுமலையைப் பார்ப்பேன், கேட்க வாய் வரவில்லை.

வீட்டு ஆட்கள் உங்களிடமும் வந்து பேசுவார்கள். டீக்கடையில், மாடிப்படியில், கேட்டுக்கு வெளியே. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பார்கள். ஊருக்குச் சொல்லாதீர்கள், அது சரி. ஆனால் வைத்தியம் பார்க்கிறவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். வார்டை அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும்போதும் சொல்லுங்கள். எழுதத் தெரியாத ஆளாக இருந்தால் பரவாயில்லை, வாயால் சொல்லுங்கள். உங்களுக்கு அப்புறம் வருகிறவர்களுக்கு என் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழுமலையின் கை இன்னும் மடங்குவதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.